இரண்டாம் பருவம் முடிஞ்சாச்சு, பெற்றோர்கிட்ட ஒரு வார்த்தை

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியா முடிஞ்சது. விளையாட்டுலயும் ஓவியப் போட்டிலயும் புள்ளைங்க பரிசு வாங்கிட்டு வந்தாங்க, தோட்டத்துல போட்ட கீரை சத்துணவுல ரெண்டு தடவ சேர்ந்துச்சு, வாட்டர் பெல் அடிச்சா யாரும் சொல்லாமலே பாட்டில எடுக்குறாங்க, மழை லீவுல விட்ட பாடமும் முடிஞ்சது. எல்லாருக்கும் வாழ்த்துக்கள்.

ஜூன் 21 யோகா தினத்தன்னைக்கு உடம்பும் மனசும் சேர்ந்து நல்லா இருக்கணும்னு பேசினேன், ஞாபகம் இருக்கும். அன்னைக்குப் பேசாம விட்ட ஒண்ண இப்ப சொல்ல வேண்டியிருக்கு. கிளாஸ் வாட்ஸப் குரூப் பத்தி.

மழைக்கு லீவு உண்டா இல்லையானு சொல்றதுக்குத்தான் அந்த குரூப்ப ஆரம்பிச்சோம். இப்ப ராத்திரி பத்தரைக்கு "மிஸ் நாளைக்கு என்ன ஹோம்வொர்க்", பதினொண்ணே காலுக்கு "ஏன் என் பையனுக்கு ரெண்டு மார்க் கம்மி", பதில் வரலைனா தனியா வாய்ஸ் நோட், அதுக்கும் பதில் இல்லைனா கால். ஒரு டீச்சர் என் ரூமுக்கு வந்து, "போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடங்குது மேடம், கைக்குழந்தைய தூங்க வச்சுட்டு இருக்கும்போதே எடுத்துப் பாக்குறேன்"னு சொல்லி அழுதாங்க. அன்னைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்ல.

உங்க கஷ்டம் புரியாம எழுதல. உங்கள்ல நிறைய பேர் ஜவுளிக்கடையில வேலை பாக்குறீங்க, பகல்ல போன் கையில இருக்காது, ஒன்பதரைக்கு கடை அடைச்சு வீட்டுக்கு வந்து நோட்ட பாக்கும்போதே பத்தாயிடுது, அப்ப கேக்காம எப்ப கேப்பீங்க. ஆனா நாள் பூரா நின்னு கால் வீங்குனவங்களுக்கு கடையில உக்கார நாற்காலி வேணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டம் வந்தப்ப அது நியாயம்னு நமக்கெல்லாம் பட்டுச்சுல்ல, இதுவும் அது மாதிரிதான். வேலை நேரம் முடிஞ்சப்பறம் ஆபீஸ் மெசேஜ் பாக்காம இருக்குறது வேலை பாக்குறவங்க உரிமைனு பிரான்ஸ்ல 2017லயே சட்டம் அமலுக்கு வந்துடுச்சு.

இன்னொண்ணு, இதுல புள்ளைங்க தூக்கமும் கெடுது. ஆறு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ராத்திரி 9 மணி நேரமாவது தூங்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. மிஸ் பதில் போடுவாங்கனு பதினொரு மணி வரைக்கும் அம்மா பக்கத்துல முழிச்சுட்டு இருக்குற புள்ள, மறுநாள் மொத பீரியட்லயே பெஞ்சுல தலைய சாய்ச்சுருது.

அதனால தெளிவா சொல்றேன். பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்குற நாள்ல இருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எந்த டீச்சருக்கும் மெசேஜ், கால் எதுவும் கூடாது. குரூப்ல ஸ்கூல் மட்டும்தான் போட முடியும். மார்க் பத்தி குரூப்ல, அதுவும் மத்த பெற்றோர் முன்னாடி டீச்சர மரியாதை இல்லாம பேசுறத இனிமே ஒரு தடவகூட நான் அனுமதிக்க மாட்டேன், அப்படிப் பேசுறவங்க நேர்ல வந்து என்கிட்ட பதில் சொல்லணும்.

ஹோம்வொர்க்க சாயங்காலம் பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே டைரில எழுத வச்சு டீச்சர் கையெழுத்து போட்டு அனுப்புவாங்க. உங்க கேள்விய ராத்திரி எத்தன மணிக்கு வேணாலும் அதே டைரில எழுதுங்க, மறுநாள் பதில் எழுதி வரும். எழுத வராதவங்க புள்ளைகிட்ட சொல்லி எழுத வைங்க, இல்லனா காலைல விட வரும்போது கேட்ல நான் நிப்பேன், என்கிட்ட சொல்லுங்க. உடம்பு சரியில்ல, புள்ள வீடு வந்து சேரல மாதிரி அவசரம்னா எந்த நேரமும் எனக்கு கால் பண்ணுங்க, என் நம்பர் டைரி மொத பக்கத்துல இருக்கு.

போன மாசம் ஒரு டீச்சருக்கு காய்ச்சல்னு தெரிஞ்சு சில அம்மாக்கள் தூக்குல கஞ்சி கொண்டு வந்து குடுத்தீங்க. அத அவங்க இன்னும் சொல்லிட்டே இருக்காங்க. அந்த மனசு உள்ளவங்ககிட்டதான் இதக் கேக்குறேன்ங்கிற தைரியம் எனக்கு இருக்கு. ரொம்ப நன்றி. எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துக்கள், லீவுல புள்ளைங்கள நேரத்தோட தூங்க வைங்க.

அன்புடன்,
தலைமையாசிரியை