பி.ஏ.வுக்கும் திட்டம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி இணைப்பிதழைப் படித்தேன். பக்கம் பக்கமாகப் பொறியியல் கலந்தாய்வு, துணை மருத்துவப் படிப்புகள், சட்டம். பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல், சமூகவியல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசிப் பக்கத்து ஓரத்தில் ஒரே ஒரு பத்தி. அதிலும் ‘போட்டித் தேர்வுகளுக்குத் தயாராக ஏற்றது’ என்பதைத் தாண்டி உருப்படியான தகவல் எதுவும் இல்லை.

பல்லடத்தில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். மே மாதம் வந்தால் அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் முக்கிய வேலை. முதல் விருப்பம் பி.காம்., அடுத்தது பி.காம். சி.ஏ., அப்புறம் பி.பி.ஏ. அதற்குக் கீழே போனால், “மிச்சத்துக்கு எது வேணா போட்டுருங்க்கா, சீட்டு கெடைச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்துக்கொள்கிறார்கள். பொருளாதாரமும் வரலாறும் விண்ணப்பத்தில் ஏறுவது அப்படித்தான். கூட வருகிற அப்பாக்கள், “இதப் படிச்சு என்னங்க பண்றது? பனியன் கம்பெனிக்கு வந்தா இந்த மாசமே சம்பளம்” என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. வேலைக்கு ஆள் கிடைக்காமல் வெளிமாநிலத்திலிருந்து வரவழைக்கிற ஊர்ப்பக்கம் இது. இங்கே ஒரு பையன் மூன்று வருஷம் சம்பாத்தியத்தை விட்டுவிட்டுப் படிக்கிறான் என்றால், அந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள்.

சமூக அறிவியலில் இளங்கலை என்பது பெரும்பாலும் பாதி வழிதான். அதற்குப் பிறகு எம்.ஏ. வரும், அல்லது பி.எட். வரும், அல்லது தேர்வாணையத் தேர்வு வரும். ஆகவே மூன்றாம் வருஷத்துக்கு அப்புறம் என்ன என்பதை முதலில் யோசித்துவிட்டு, அதற்குத் தோதான பாடத்தை எடுக்க வேண்டும். இங்கே நடப்பது தலைகீழ்.

ஆசிரியர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கம் பெண் பிள்ளையை பி.ஏ. சேர்க்கிற வீடுகளில் பாதிப் பேர் மனதில் இருப்பது டீச்சர் வேலை. தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை விதிப்படி வரலாறு, புவியியல் (இங்கே அது பெரும்பாலும் பி.எஸ்சி.) படித்தவர்கள் இளங்கலை முடித்ததும் சேரலாம். பொருளாதாரம், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் படித்தவர்கள் எம்.ஏ. முடித்த பிறகுதான் சேர முடியும். பி.எட். இரண்டு வருஷம். ஆக, ஒருவருக்கு ஐந்து வருஷத்தில் முடிவது இன்னொருவருக்கு ஏழு வருஷம் ஆகும். ஏழு வருஷம் படிக்கத் தயார் என்றால் பொருளாதாரம் தாராளமாகப் படிக்கலாம், மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆகலாம். ஆனால் அது சேரும்போதே தெரிந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியதும் பி.எட். விண்ணப்பம் போட என்னிடம் வந்து, விதியைத் திரையில் படித்துவிட்டுப் பேச்சில்லாமல் திரும்பிப் போகிற பெண்கள் வருஷத்துக்கு ஒருவராவது உண்டு.

அடுத்தது கணக்கு. கணக்கே வேண்டாம் என்று ஓடிவந்து பொருளாதாரத்தில் சேர்கிறவர்கள் நிறைய. இங்குள்ள கல்லூரிகள் பலவற்றில் பிளஸ் டூவில் கணிதம் இல்லாமலே சீட்டு கிடைக்கும், பி.ஏ.வும் முடித்துவிடலாம். சிக்கல் அதற்கு மேலேதான். பெரிய கல்வி நிறுவனங்களில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்க எழுதும் நுழைவுத் தேர்வில் நுண்கணிதமும் புள்ளியியலும் கேட்பார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பொருளாதாரத்துக்கே நுழைவுத் தேர்வில் கணிதம் எழுதியாக வேண்டும். பிளஸ் டூவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்த பிள்ளைகளிடம் நான் சொல்வது, அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதே என்பதுதான். கல்லூரியில் துணைப் பாடமாகப் புள்ளியியல் வந்தால் பாஸ் மார்க்குக்குப் படித்துவிட்டு விடக்கூடாது. எந்தச் சமூக அறிவியலில் ஆய்வுப் பக்கம் போனாலும் அது வேண்டும்.

வெளியே போய்ப் படிக்கும் வழியும் இருக்கிறது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைச் சேர்க்கை ‘கியூட்’ (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அதற்கான விண்ணப்பம் நம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். 2025-இல் மார்ச் மாதமே முடிந்தது. பையன் நல்ல மார்க் வாங்கியபிறகு, “திருவாரூர் சென்ட்ரல் யுனிவர்சிட்டிக்குப் போடலாமுங்களா?” என்று மே மாதம் வந்து கேட்டால் நான் என்ன செய்ய?

ஐ.ஏ.எஸ். பற்றி ஒரு வார்த்தை. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 1,750-க்கு 500 மதிப்பெண். சமூகவியல், மானுடவியல், வரலாறு, பொது நிர்வாகம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பட்டப்படிப்பில் எடுத்த பாடத்தையே விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் அதை மட்டும் வைத்துப் பாடத்தைத் தீர்மானிக்கத் தேவையில்லை.

பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. பாடத்திட்டம் கல்லூரி இணையதளத்திலேயே இருக்கும். துணைப் பாடம் என்ன, ஆராய்ச்சி முறை பற்றித் தனித் தாள் இருக்கிறதா, மூன்றாம் வருஷத்தில் புராஜெக்ட் உண்டா என்று பார்த்தால் போதும். பிரிண்ட் எடுத்தால் எனக்கும் நாலு காசு!

புராஜெக்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியா முழுக்கக் கல்லூரிகளில் ஆன்லைன் ஷாப்பிங் பற்றி ஒரே கேள்வித்தாளை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நானே எத்தனையோ பிரிண்ட் போட்டு ஸ்பைரல் போட்டிருக்கிறேன். நம்மைச் சுற்றி விஷயமா இல்லை? நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்கு உதவாமல் சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த மாதங்களில் பட்டறை முதலாளி என்ன செய்தார், வேலை போனவர் எங்கே போனார், ஆயக்கட்டு விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று மூன்று பேரிடமும் கேட்டு எழுதலாம். 2025-இல் கூலி உயர்வு கேட்டு சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகள் நின்றன. கூலிக்குத் தறி ஓட்டுபவர் முதலாளியா, தொழிலாளியா என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. எங்கள் வீதியிலேயே பத்துத் தறி வைத்துக்கொண்டு தானே பாவு பிணைக்கிறவர் இருக்கிறார். கறிக்கோழிப் பண்ணைகளின் ஒப்பந்த வளர்ப்பு இன்னொன்று. 1960-களில் வெளிநாட்டு மானுடவியலாளர் ஒருவர் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி நம் சாதி, உறவுமுறை, அண்ணன்மார் கதை என்ற நாட்டுப்புறக் கதைப்பாடல் எல்லாவற்றையும் எழுதிவைத்துப் போனார். நம் பிள்ளைகளுக்கு மொழியும் தெரியும், ஆளும் தெரியும், பஸ் செலவும் கிடையாது.

பணம் பெரிய தடையில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கினார்கள்.

அடுத்த ஆண்டு இந்த இணைப்பிதழை மே மாதத்துக்கு வைக்காமல் ஜனவரியிலேயே கொண்டுவாருங்கள். பி.எட். விதி, நுழைவுத் தேர்வுத் தேதிகள், கொங்கு மாவட்டங்களில் எந்த அரசுக் கல்லூரியில் எந்தச் சமூக அறிவியல் பாடம் இருக்கிறது என்ற பட்டியல், இந்த மூன்றையும் ஒரு முழுப் பக்கத்தில் போட்டால் கத்தரித்து என் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பல்லடம்