கோப்பின் உள்ளடக்கத்துக்கும் செக்சம் வேண்டும்: ஆப்பிளின் கோப்பு முறைமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிள் கருவிகளில் கோப்புகளை வட்டில் எழுதி ஒழுங்குபடுத்தும் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமையை உருவாக்கிப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

நிரலாளர்களுக்கான உங்கள் ஜூன் மாத மாநாடு நெருங்கும்போதெல்லாம் அடுத்த மேக்ஓஎஸ் பதிப்பில் என்னென்ன வரும் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பெரும்பாலோர் திரையில் தெரியும் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் எதிர்பார்ப்பது திரையில் தெரியாத ஒன்றை. எழுதிய கோப்பு எழுதியபடியே திரும்பி வருகிறதா என்று கோப்பு முறைமையே சோதித்துச் சொல்ல வேண்டும். 2016இல் ஏபிஎஃப்எஸ் அறிவிக்கப்பட்டபோதே இது இருக்கும் என்று நம்பினேன். இல்லை.

செக்சம் என்பது தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் ஒரு சரிபார்ப்பு எண். பின்னர் மீண்டும் கணக்கிடும்போது எண் மாறினால் தரவு சிதைந்துவிட்டது என்று பொருள். உங்கள் முறைமை மெட்டாடேட்டாவுக்கு, அதாவது கோப்பைப் பற்றிய விவரங்களுக்கு, செக்சம் வைத்திருக்கிறது. கோப்பின் பெயர், அளவு, அது வட்டில் எங்கே கிடக்கிறது என்ற விவரம் ஆகியவை சிதைந்தால் அதற்குத் தெரியும். கோப்பின் உள்ளே இருக்கும் தரவு சிதைந்தால் தெரியாது. கெட்டதையும் நல்லதைப் போலவே எடுத்துக் கொடுத்துவிடும்.

ஒரு ஜேபெக் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரே ஒரு பிட், 0 ஆக இருந்தது 1 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேல்பாதி பழுதில்லாமல் இருக்கும். கெட்ட இடத்திலிருந்து கீழே நிறம் திரியும், உருவங்கள் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும். ஆனால் கோப்பின் அளவு மாறாது, தேதி மாறாது. யாராவது படத்தைத் திறந்து பார்க்கும்வரை விஷயம் வெளிவராது. பத்தாண்டுக்கு முந்தைய படங்களை நாம் எத்தனை முறை திறக்கிறோம்?

காப்பு நகல் இருக்கிறதே என்பார்கள். எனக்கு மிகவும் கவலை தருவதே அந்த இடம்தான். கோப்பு கெட்டது தெரிந்தால்தானே பழைய நகலைத் தேடுவோம்? மேக்கின் காப்பு நகல் நிரலான டைம் மெஷின், வட்டு நிரம்பியதும் பழைய நகல்களை அழிக்கத் தொடங்கும். புதிய வட்டுக்கு மாறி மீண்டும் முதலிலிருந்து நகலெடுத்தால் கெட்ட கோப்புதான் அங்கும் போய்ச் சேரும். 2020இல் வந்த பிக் சர் என்ற மேக்ஓஎஸ் பதிப்பு முதல் அந்தக் காப்பு நகல்களையே ஏபிஎஃப்எஸ் வட்டுகளில் எழுத வழி செய்தீர்கள். நல்ல முடிவு. ஆனால் கடைசிப் புகலிடமான அந்த வட்டிலும் உள்ளடக்கத்துக்குச் செக்சம் இல்லை.

சேமிப்புச் சாதனங்களே பிழைகளைத் திருத்திக்கொள்கின்றன, அது போதும் என்ற வாதம் உண்டு. அந்தத் திருத்தம் சாதனத்துக்குள் நடப்பதற்கு மட்டுமே பொருந்தும். கேபிள், வெளி வட்டின் கட்டுப்பாட்டுச் சிப், அதற்குள் இயங்கும் நிரலான ஃபர்ம்வேர், நினைவகம் என்று வழியில் எங்கே பிழை நேர்ந்தாலும் வட்டு அதைச் சரியான தரவாகவே பதிந்துகொள்ளும். செக்சம் மட்டும் இருந்தால் கெட்டதைச் சீராக்க முடியாது என்பதும் உண்மைதான். இருக்கட்டும். எந்தக் கோப்பு கெட்டது என்று சொல்லுங்கள், நல்ல நகலை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.

இது புதிய யோசனையும் அல்ல. சன் நிறுவனம் 2005இல் மூலநிரலாக வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இதைச் செய்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 2009 முதல் இருக்கும் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையும் செய்கிறது. நீங்களே இந்த வழியில் நடந்திருக்கிறீர்கள். 2007இல் வந்த லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் இசட்எஃப்எஸ்ஸைப் படிக்க மட்டும் முடிந்தது. அதற்கு அடுத்த ஸ்னோ லெப்பர்டின் சர்வர் பதிப்பில் முழுமையாக வரும் என்று அறிவித்தீர்கள். 2009இல் வெளியீடு வந்தபோது அது அதில் இல்லை, அதே ஆண்டு அக்டோபரில் திட்டமே மூடப்பட்டது. காத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. 2017 மார்ச்சில், ஐஓஎஸ் 10.3 வழியாக, கோடிக்கணக்கான கருவிகளின் கோப்பு முறைமையை அவற்றில் இருந்த தரவை நகர்த்தாமலே மாற்றியவர்கள் நீங்கள். குறை சொன்னால் கேட்பவர்களும்கூட. அந்த முதல் பதிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, அந்தப் பதிப்புக்கோ இரண்டும் வெவ்வேறு கோப்புப் பெயர்கள். அதே ஆண்டின் பிற்பகுதியிலேயே அதைத் திருத்தினீர்கள்.

மெட்டாடேட்டாவை மாற்றும்போது பழையதைத் தொடாமல் புதிய இடத்தில் எழுதும் முறை ஏபிஎஃப்எஸ்ஸில் ஏற்கனவே இருக்கிறது. செக்சம் கணக்கிடும் கட்டளைகள் இன்றைய செயலிகளிலேயே இருக்கின்றன. எல்லா வட்டுக்கும் உடனே தர இயலாவிட்டால் டைம் மெஷின் வட்டுகளிலிருந்து தொடங்குங்கள். அங்கே வேகம் சற்றுக் குறைந்தாலும் யாரும் முறையிடப் போவதில்லை. படங்கள் இருக்கும் வட்டுக்கு அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தாலும் போதும். வட்டு முழுவதையும் ஓய்வு நேரத்தில் படித்துச் சோதித்து, கெட்ட கோப்புகளின் பெயரைப் பட்டியலிடும் வசதி ஒன்றை, வட்டுகளைப் பராமரிக்கும் உங்கள் டிஸ்க் யூட்டிலிட்டி நிரலில் சேருங்கள்.

இந்த வெளியீட்டில் வராது என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எங்கள் கோப்புகளுக்கான செக்சம்களை நாங்களே தனி நிரல்களால் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நன்றியுடன்,
நெடுநாள் மேக் பயனர் ஒருவர்