50 மில்லிமீட்டர் மறுபடியும் 50 ஆனபோது

தக்கலை,
ஆவணி 10

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்ப் படங்களும் போன வாரம் வந்து சேர்ந்தன. மூன்றாம் நாள் அந்தியில் தேர்கள் கூடும் வேளையில் எடுத்த நான்கு படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வடத்தைப் பிடித்திருக்கும் கைகளில் தீவட்டி வெளிச்சம் அருமையாக விழுந்திருக்கிறது. பின்னால் அக்கிரகாரத்துத் திண்ணைகளின் இருட்டில்தான், நீயே வருத்தப்பட்டு எழுதியிருப்பதைப் போல, மணலை அள்ளித் தூவியதுபோன்ற புள்ளிகள். பெரிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள ஃபுல் பிரேம் கேமராவுக்கு மாறினால் இது தீருமா என்றும், கையில் இருக்கும் சிறிய கிராப் சென்சார் கேமராவை விற்றுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். நான் நிக்கானின் கிராப் கேமராவான டி7200-இலிருந்து ஃபுல் பிரேமான டி750-க்கு மாறி ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் தீரும் என்பேன். இரண்டாவதற்கு, அவசரப்பட்டு விற்காதே என்பேன்.

முதலில் அளவைப் பார். நம் கிராப் சென்சாரின் அளவு 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், ஃபுல் பிரேமின் அளவு 36க்கு 24, அதாவது பழைய பிலிம் ரோலின் ஒரு சட்டகம். திரைப்படத்துக்காக ஓடிய 35 மில்லிமீட்டர் பிலிமில் 18க்கு 24 என்று இருந்த சட்டகத்தை இரட்டிப்பாக்கி ஆஸ்கர் பார்னாக் ஒரு சிறிய கேமராவை உருவாக்கினார். 1925-இல் லைக்கா கடைக்கு வந்த நாள் முதல் அந்த அளவே நிலைத்துவிட்டது. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் பெரிய சென்சார் சிறியதைப்போல் 2.3 மடங்குக்கும் சற்று அதிகம். என் இரண்டு கேமராவிலும் 24 மெகாபிக்சல்தான். ஆனால் ஒவ்வொரு பிக்சலின் அகலமும் கிராப்பில் சுமார் 3.9 மைக்ரானாகவும் ஃபுல் பிரேமில் சுமார் 6 மைக்ரானாகவும் இருக்கிறது. மழை பெய்யும்போது முற்றத்தில் செம்பை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஒரே அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஒரே ஷட்டர் வேகத்தில் ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) அளவுக்கு வெளிச்சம் கூடுதலாகச் சேர்கிறது. ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு அளவைக் கிராப் கேமராவில் 3200-இல் வைத்து நீ பொறுத்துக்கொள்ளும் புள்ளிகளை இதில் 6400-ஐத் தாண்டிய பிறகே பார்ப்பாய்.

இதைக் கணக்காகச் சொல்வதைவிட, பத்மநாபபுரம் அரண்மனையில் நான் கண்டதைச் சொல்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கும் அந்த மரமாளிகை எவ்வளவு இருட்டு என்பது உனக்குத் தெரியும். பள்ளி நாளில் அதன் கறுத்த தரையில் நம் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்து அதட்டு வாங்கியவர்கள் நாம். முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கை நான் டி7200-இல் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். பித்தளையின் பளபளப்பு வந்தால் அதன் பின்னால் உள்ள மரக்கூரையின் செதுக்குவேலை கரிக்குழம்பாகிவிடும்; இருட்டைத் தூக்கினால் கூரைப் பூக்களின் இதழ்களுக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் எழும்பும். டி750 வாங்கிய பிறகு போன முதல் நாள், பிளாஷும் முக்காலியும் இல்லாமல், தூணில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஐ.எஸ்.ஓ. 6400-இல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து படத்தின் இருண்ட பகுதியை மெல்ல ஏற்றியபோது, விளக்குச் சங்கிலியின் வளையங்களுக்கு மேலே, கூரையில் செதுக்கிய ஒரு பூவின் நடுக்காம்பு தெரிந்தது. முப்பது ஆண்டுகளாக அந்தக் கூரையின்கீழ் நடந்தும் அந்தக் காம்பை நான் பார்த்ததில்லை. மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் வண்ண மைக்காத் தகடுகள் வழியாகத் தரையில் விழும் வெளிச்சமும் அப்படித்தான். அந்த மங்கிய நிறங்கள் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிவதைப்போலவே படத்திலும் நிற்கின்றன.

இதைவிட என்னை நெகிழ வைத்தது வேறொன்று. நாம் இருவரும் எஃப்எம்2 பிலிம் கேமராவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படம் எடுக்கப் பழகிய அந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்னிடம்தானே இருக்கிறது. கிராப் கேமராவில் அதை மாட்டியபோதெல்லாம் 75 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வைதான் கிடைத்தது. ஒரு திண்ணையில் இருவர் பேசிக்கொண்டிருப்பதை எடுக்க வேண்டுமென்றால் தெருவின் எதிர்ப்பக்கம் வரை பின்வாங்க வேண்டியிருந்தது. லென்ஸ் அதேதான், அது உண்டாக்கும் வட்டப் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் சிறிய சென்சார் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அதே லென்ஸை மாட்டிக் கண்ணை வைத்தால், எங்கே நிற்க வேண்டும் என்று கால்களுக்கே தெரிகிறது. லென்ஸின் விவரத்தைக் கேமராவின் மெனுவில் ஒருமுறை பதிந்துவிட்டால் வெளிச்ச அளவீடும் சரியாக வேலை செய்கிறது. ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். வ்யூஃபைண்டரும் முன்னதைவிடப் பெரிதாகவும் தெளிவாகவும் இருப்பதால் அதில் சிரமம் இல்லை.

ஆனால் லென்ஸின் குறைகளும் சேர்ந்து திரும்பி வரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கிராப் சென்சார் நடுப்பகுதியை மட்டும் எடுத்ததால் மறைந்திருந்த ஓரங்கள் இப்போது வெளிப்படுகின்றன, லென்ஸை அகலத் திறந்த எஃப் 1.8-இல் நான்கு மூலையும் இருள்கின்றன, கூர்மையும் குறைகிறது. திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்குக் கொண்டுவந்தால் பெருமளவு சரியாகிவிடும்.

போன நவராத்திரியில் ஒரு பாடம் கற்றேன். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் ஊர்வலம் முதல் இரவு குழித்துறையில் தங்குமல்லவா? வழியில் விளக்குத் தட்டு ஏந்தி நின்ற பெண்களின் வரிசையை, புதுக் கேமரா கையில் இருக்கும் துணிச்சலில், எஃப் 1.8-லேயே வைத்து இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனேன். வீட்டில் பார்த்தால், ஒரு மூதாட்டியின் கையிலிருந்த திரியின் சுடர் ஊசிமுனைபோல் இருக்கிறது. ஓர் அடி பின்னால் இருந்த அவருடைய முகம் கலைந்துபோயிருக்கிறது. ஒரே காட்சியை ஒரே அகலத்தில் எடுக்கும்போது, ஃபுல் பிரேமில் எஃப் 2.8 வைத்தாலே கிராப்பில் எஃப் 1.8 வைத்த அளவுக்குப் பின்புலம் கலையும். அந்த முகத்தின் சுருக்கங்களில் விழுந்திருந்த வெளிச்சம் இனி கிடைக்காது. அந்த இழப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கும் இருக்கிறது. முகமும் சுடரும் இரண்டும் தெளிவாக வேண்டும் என்று அபெர்ச்சரைச் சுருக்கினால், அதற்கு ஈடாக ஐ.எஸ்.ஓ.வை உயர்த்த வேண்டும்; அப்போது பெரிய சென்சார் தந்த ஒன்றேகால் ஸ்டாப் ஆதாயமும் கரைந்துபோகும். உன் தேர்ப் படங்களுக்கு இது பொருந்தாது. நீ வைட் லென்ஸில் தள்ளி நின்று எடுக்கிறாய், அபெர்ச்சரைத் திறந்து வைத்தாலும் தேர் முழுவதும் தெளிவாக இருக்கும். அதனால்தான் உன் முதல் கேள்விக்கு நம்பிக்கையோடு பதில் சொன்னேன்.

இனி விற்பதைப் பற்றி. நீ சூலனூர் மயில்களை எடுப்பதை விடப்போவதில்லை. நானும் தேரூர்க் குளத்தை விடவில்லை. என் 200-500 லென்ஸை டி7200-இல் மாட்டினால் 750 மில்லிமீட்டர் பார்வை கிடைக்கிறது. டி750-இல் எடுத்துவிட்டுப் பிறகு அதே அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் பத்துச் சொச்சம்தான் மிஞ்சுகிறது. குளத்தின் நடுத் திட்டில் நிற்கும் பவளக்கால் உள்ளானின் சிவந்த கண், பழைய கேமராவில் ஒரு மணியாகத் தெரிகிறது. புதியதில் வெறும் சிவப்புப் புள்ளியாகிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் தொலைவில் இருக்கும் பறவைக்குச் சிறிய சென்சாரே கைகொடுக்கிறது என்பதை நான் அனுபவத்தில் கண்டுவிட்டேன். பழைய கேமராவுக்கு இன்று கிடைக்கும் விலையும் சொற்பம். அதை வைத்துக்கொள்.

பட்ஜெட் போடும்போது கேமராவின் விலையை மட்டும் எண்ணாதே. உன்னிடம் இருக்கும் 18-140, 35 மில்லிமீட்டர் லென்ஸ்கள் இரண்டும் கிராப் சென்சாருக்கென்றே செய்தவை. அவற்றை ஃபுல் பிரேமில் மாட்டலாம், ஆனால் கேமரா தானாகவே நடுப்பகுதிக்குச் சுருங்கிக்கொள்ளும். மாறியதன் பயனே இல்லாமல் போகும். தேருக்கு ஒரு நல்ல வைட் லென்ஸ் கட்டாயம் வாங்க வேண்டியிருக்கும், அது கேமராவுக்கு நிகரான செலவு. நான் பழைய டி750 ஒன்றைத்தான் வாங்கினேன். 2014-இல் வந்த கேமரா அது. ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் என்று சோதிக்கப்பட்டது. விற்றவர் வாயால் சொன்ன ஷட்டர் எண்ணிக்கையும், நான் எடுத்த படக் கோப்பிலிருந்து படித்த எண்ணிக்கையும் பல ஆயிரம் வேறுபட்டன. அதைக் காட்டிய பிறகுதான் விலை இறங்கியது. நீயும் கடையிலேயே ஒரு படம் எடுத்துச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதே. உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமரா வாங்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வகையில் நிக்கானின் இசட்6 எடை குறைவு, உள்ளேயே நடுக்கத்தைத் தணிக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் உன்னிடமுள்ள, உள்ளே மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்கள் அதில் அடாப்டர் போட்டாலும் தானாக ஃபோகஸ் ஆகாது. டி750-இன் உள்ளே மோட்டார் இருப்பதால் இதில் ஆகும். உன் லென்ஸ் பெட்டியை நினைத்துப் பார்த்தால் எனக்கு டி750 என்றே தோன்றுகிறது.

நம் இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஒரு தொல்லையையும் மறந்துவிடாதே. இங்கே இடவப்பாதியும் துலாமழையும் (தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள்) மாறி மாறி வருவதால் அந்த 50 மில்லிமீட்டர் லென்ஸின் உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை படரத் தொடங்கிவிட்டது. நாகர்கோவிலில் பிரித்துத் துடைத்து வாங்கினேன். இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன். நீல மணிகள் வெளிர்சிவப்பானதும் வாணலியில் சூடாக்கி மறுபடி நீலமாக்கிக்கொள்கிறேன். பாலக்காட்டுக் கணவாயில் காற்று அடித்தாலும் உன் வீட்டு மர அலமாரியை நம்பாதே.

வாங்குவதற்கு முன் ஒரு முறை கையில் பிடித்துப் பார்ப்பதே நல்லது. புரட்டாசியில் ஊர்வலம் புறப்படும் முன்தினம் மதினியையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. அரண்மனையின் உப்பிரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறுவதிலிருந்து களியக்காவிளை எல்லை வரை என் டி750 உன் கையில் இருக்கட்டும். நான் பழைய டி7200-ஐ வைத்துக்கொள்கிறேன். இருவரும் ஒரே இடத்தில் நின்று எடுத்து, இரவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வரும்போது உன் டி வகை லென்ஸ்களை எடுத்து வா. பின்மூடியைப் போட மறந்துவிடாதே, ரயிலில் தூசி அதிகம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்