பற்றரி ரேக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நுவரெலியாவில் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். உங்களிடம் வாங்கிய எலெக்ட்ரிக் கோல்ஃப் கார்ட்டுக்கு, உங்களிடமே முழுப் பணமும் கட்டிச் செய்வித்த பற்றரி ரேக், அதாவது பற்றரிகளை வைக்கும் இரும்புத் தட்டு பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. கண்டிக் கிளையைக் கேட்டால் கொழும்பைக் கேட்கச் சொல்கிறார்கள். கொழும்பில் சர்வீஸ் பிரிவு என்கிறார்கள். சர்வீஸ் பிரிவோ மறுபடியும் கண்டிக்கே அனுப்புகிறது.

எந்த மாடல், எந்த பில் என்று நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. வண்டியை விற்றவர்கள் நீங்கள். அளவெடுத்துப் போனதும் உங்கள் ஆள்தான். பிரதான வீதியிலிருந்து தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறும் எங்கள் கொங்கிரீட் பாதையில், இதே வண்டியில் உட்கார்ந்துதான் அவர் மேலே வந்தார். வயதானவர்களையும் பெட்டிகளையும் ஏற்றிவரத்தான் வண்டி என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் வந்த ரேக்கைப் பாருங்கள். 8 வோல்ட் பற்றரி 6, மொத்தம் 48 வோல்ட். ஒன்று ஏறக்குறைய 30 கிலோ என்றால் ஆறும் 180 கிலோவுக்குக் கிட்ட வரும். ஏறும்போது அந்தப் பாரம் முழுவதும் பின்னுக்குத் தள்ளும், இறங்கும்போது முன்னுக்கு. அதைப் பிடித்து நிறுத்த நீங்கள் வைத்த விளிம்பு இரண்டு விரல் உயரம்கூட இல்லை. பற்றரிகளுக்கு இடையில் தடுப்பு இல்லை. அடியில் ஒரு ரப்பர் விரிப்புக்கூடப் போடவில்லை. உரசி உரசி ஒரு பற்றரியின் மூலை வெடித்து அசிட் கசிந்தது. தட்டில் வடிகால் துளை இல்லாததால் அசிட் அங்கேயே தேங்கி, பெயின்டைத் தின்று இரும்பையும் அரிக்கத் தொடங்கிவிட்டது. அசிட் படும் இடத்துக்கு எபொக்சியோ பவுடர் கோட்டிங்கோ வேண்டும் என்று இங்குள்ள வெல்டிங் கடைப் பையனுக்கே தெரியும். நீங்கள் அடித்திருப்பது கேட்டுக்கு அடிக்கும் சாதாரண பெயின்ட். எங்கள் சாரதி அப்பச்சோடா கரைத்து ஊற்றிக் கழுவினார். அவருடைய கை பொசுங்கியிருந்தால் யார் பதில் சொல்வது?

மேலே போட்ட இறுக்கும் பட்டி இதைவிட மோசம். வெறும் இரும்புப் பட்டி, அதுவும் பற்றரி முனைகளுக்கு மேலாகவே போகிறது. குழியில் வண்டி தூக்கிப் போட்டால் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது இந்த வகைப் பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அப்படியிருக்க, பாதுகாப்பு மூடி என்ற பெயரில் காற்றுத் துளை ஒன்றுகூட இல்லாமல் நான்கு பக்கமும் தகடு அடித்து மூடியிருக்கிறீர்கள். அதன் மேல் உள்ள சீட்டில்தான் விருந்தினர்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். பற்றரி தயாரிப்பவர்கள் தரும் கையேட்டில் காற்றோட்டம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் பட்டறையில் அதை யாரும் படிப்பதில்லையா?

இதையெல்லாம் பொறுமையாக விளக்கியபோது உங்கள் கொழும்பு அலுவலகத்தில் போனை எடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சரியுதுன்னா கயிறு போட்டுக் கட்டுங்க அக்கா. உங்க ஊர்ல கயிறு இல்லையா?" பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. பெயரைக் கேட்டேன், போனை வைத்துவிட்டார். நீங்கள் அழைப்புகளைப் பதிவு செய்கிறீர்களே, அதை எடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்குப் பதில் எழுதுங்கள்.

கண்டிக்கு ரேக்கைக் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். வேனை வாடகைக்குப் பிடித்து, ரம்பொடை வளைவுகளில் மழையோடு இறங்கி, புசல்லாவ, கம்பளை எல்லாம் தாண்டிக் கொண்டுவந்தோம். கவுண்டரில் இருந்த பெண், டெக்னீஷியன் இன்று லீவு என்றார். சரி, ரேக்கை வைத்துவிட்டுப் போகிறோம் என்றால், பொறுப்பேற்கக் கடிதம் தர முடியாதாம். அன்று காலையில்கூட போன் எடுத்து உறுதி செய்துவிட்டுத்தான் கிளம்பினோம்! நனைந்துகொண்டே அதைத் திரும்ப வேனில் ஏற்றினோம். கயிறு இல்லையா என்று கேட்டவரை அந்த வேனில் ஒருமுறை உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சித்திரை சீசன் எங்களுக்கு இல்லாமலே போய்விட்டது. அம்மாவால் ஏற முடியாது என்று ஒரு குடும்பம் கீழே கேட்டிலிருந்தே திரும்பிப் போனது. பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் உங்களால் மண்ணாகிவிட்டது. பற்றரியின் விலை, வேன் வாடகை, ரத்தான அறைகள் என்று கூட்டினால் லட்சக்கணக்கில் போகிறது. இனி இந்தத் தொழிலையே நடத்த முடியுமா என்று தெரியவில்லை.

உங்கள் நிறுவனத்தோடு சண்டை பிடிக்க எனக்கு ஆசையில்லை. வண்டி நல்ல வண்டி, அதை மறுக்கவில்லை. தயவுசெய்து ரேக்குக்கு வாங்கிய பணத்தையும் வெடித்த பற்றரியின் விலையையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். புதிதாகச் செய்து தருவதானால் உயரமான விளிம்பு, இடைத் தடுப்பு, வடிகால் துளை, காற்றுத் துளை, பிளாஸ்டிக் உறை போட்ட பட்டி எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் ஆளே இங்கு வந்து பொருத்தி, இந்த மேட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்வேன். பில், படங்கள், நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதிகள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. சட்டத்தரணி ஒருவரிடமும் பேசிவிட்டேன்.

ரேக்கைக் கழற்றி கராஜில் வைத்திருக்கிறேன். வாகனம் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு இனிக் கண்டிக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்,
நுவரெலியா.