துவாய் காயும், பிள்ளை நடுங்கும்

அன்புள்ள மகளுக்கு,

குளியலறையைச் சூடாக்கும் சுடுதண்ணீர்த் தகடான ரேடியேற்றரைக் கழற்றிவிட்டு, உள்ளே சுடுதண்ணீர் ஓடித் துவாய் காயவைக்கும் கம்பி பூட்டலாமா என்று கேட்டு நீ அனுப்பிய படம் வந்தது. வெள்ளியில் ஓர் ஏணி செய்து சுவரில் சாத்தியதுபோல அழகாகத்தான் இருக்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ஒரு காலம் எங்கள் வீட்டிலும் இது இருந்ததே, பிள்ளைக்கு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள்" என்றாள். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு, லண்டன் ஈஸ்ட்ஹாம் வீடு. உனக்கு ஏழு வயது. குளியலறை ரேடியேற்றரின் அடியில் துரு பிடித்திருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் துவாய்க் கம்பி பூட்டுவோம் என்று நான்தான் நினைத்தேன். எரிவாயு வேலைக்குத்தான் பதிவு பெற்றவர் வேண்டும், ரேடியேற்றர் வேலையை வீட்டுக்காரரே செய்யலாம் என்று வேலைத்தலத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மை. செய்யலாம் என்பதும் செய்யத் தெரியும் என்பதும் ஒன்றல்ல என்பதை அவர் சொல்லவில்லை.

இரண்டு பக்க வால்வுகளையும் இறுக்கி மூடினேன். ரேடியேற்றர் கழன்று வந்தது. அதுவரை நான் பெரிய பொறியியலாளர். பிறகுதான் பழைய வால்வுகள் புதுக் கம்பிக்குப் பொருந்தாது என்று தெரிந்தது. ரேடியேற்றருக்குத் தண்ணீர் பக்கவாட்டால் போகும். துவாய்க் கம்பியின் வாய் அடியில், நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். குழாய் தரையிலிருந்து எழுந்தால் நேர் வால்வு வேண்டும், சுவரிலிருந்து வந்தால் வளைந்த வால்வு வேண்டும். எங்களுடையது தரையிலிருந்து எழுந்த குழாய். பழைய வால்வுகளை எடுத்துவிடுவோம் என்று கீழ் நட்டைத் திருகினேன். வால்வு மூடியிருந்தது சரி. அதற்குக் கீழே குழாயில் வீட்டு ரேடியேற்றர்களின் தண்ணீர் முழுவதும் நின்றதை மறந்துவிட்டேன்.

பால் விடாத கோப்பி நிறத்தில் தண்ணீர் பீறிட்டது. இரும்பு உள்ளே அரித்துச் சேர்ந்த கறுப்பு அது. துணியில் பட்டால் போகாது. நான் இரண்டு கைகளாலும் குழாயைப் பொத்திக்கொண்டு "வாளி, வாளி" என்று கத்துகிறேன். நீ ஓடி வந்து நீட்டினாய், சவுத்எண்ட் கடற்கரையில் மணல் அள்ள வாங்கிய அந்தச் சிவப்பு வாளியை. ஒரு போத்தல் தண்ணீர்கூடக் கொள்ளாது. அது நிரம்ப நிரம்பக் குளியல் தொட்டியில் ஊற்றி ஊற்றி ஓடி வந்தாய். கீழே இருக்கும் அறையின் கூரையில் அன்று ஊறிய கறை, வீட்டை விற்கும்வரை மூன்று தரம் வெள்ளை அடித்தும் தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளத்தை அல்ல, அதற்குப் பிறகு வந்த குளிரை. வெள்ளம் ஒரு நாளில் வற்றியது. குளிர் இரண்டு மாரிக்கு இருந்தது.

கழற்றிய ரேடியேற்றர் 900 வாற்று வெப்பம் தந்தது. நான் பூட்டிய குரோம் கம்பி 300. கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது ஆயிரம் என்று போட்டிருந்தது, நானும் மகிழ்ந்தேன். அது வாற்று அல்ல, பி.டி.யு. என்ற வேறு வெப்ப அலகுக் கணக்கு. ஒரு வாற்று ஏறக்குறைய 3.4 பி.டி.யு. ஆயிரத்தை அதனால் பிரித்துப் பார், வருவது 300 வாற்றுக்கும் குறைவு. அதற்கு மேல் நான்கு பேரின் ஈரத் துவாய்களைப் போர்த்திவிட்டால் அறைக்கு என்ன மிஞ்சும்? துவாய் காய்ந்தது. குளித்துவிட்டு வந்த நீ பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அப்பம்மா, "கிணற்றடியில் மார்கழியில் குளித்தவள் நான், இந்த அறைக்குள் போகமாட்டேன்" என்று சமையலறையில் வெந்நீர் வைத்து முகம் கழுவினா. தையில் தொட்டிக்கு மேலே கூரை மூலையில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. இரண்டாம் மாரி முடிந்ததும் எதிர்ச் சுவரில் சின்ன ரேடியேற்றர் ஒன்றைப் பணம் கொடுத்துப் பூட்டுவித்தேன்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். லீட்ஸ் குளிர் ஈஸ்ட்ஹாம் குளிரைவிடக் கடுமை. உன் குளியலறையில் இருக்கும் ரேடியேற்றர் 60 சென்ரிமீற்றர் உயரம், 80 அகலம், இரட்டைத் தகடு. அது ஆயிரம் வாற்றுக்கு மேலே தரும். நீ பார்த்து வைத்திருக்கும் குரோம் கம்பி, நீ அனுப்பிய அளவுப்படி, அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் கஞ்சத்தனமாகத்தான் வெளியே விடும். அதே அளவுக் கம்பி வெள்ளை வர்ணத்தில் வாங்கினால் கூடுதலாகத் தரும். கடைக்காரர் குரோமை முன்னால் வைத்திருப்பது கண்ணுக்காக.

இன்னொன்று. பெட்டியில் போடும் எண், கம்பியில் ஓடும் தண்ணீர் அறையைவிட 50 பாகை சூடாக இருக்கும் என்று வைத்துச் சொல்வது. மருமகன் எரிவாயுவை மிச்சப்படுத்த, தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பொயிலரை 55 பாகைக்கு இறக்கியிருக்கிறார் என்றாய். நல்ல வேலை, திரும்பி வரும் தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் இந்தக் காலத்துப் பொயிலர் சிக்கனமாக ஓடும். ஆனால் அப்போது அந்த வித்தியாசம் 30 பாகை அளவுதான், கிடைக்கும் வெப்பமும் பெட்டியில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அந்த அறையில் ஆறு மாதக் குழந்தையின் உடுப்பைக் கழற்றப் போகிறாய் என்பதை மட்டும் நினைத்துக்கொள்.

என்னைக் கேட்டால் ரேடியேற்றர் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பில் கொளுவும் துவாய்ச் சட்டம் சில பவுண்டுக்குக் கிடைக்கும். அது அழகில்லை என்றால், கம்பியை வேறு சுவரில் கூடுதலாகப் பூட்டு. இரண்டுக்கும் இடமில்லை, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், வெள்ளை நிறத்தில், கூரையைத் தொடுமாப்போல உயரமானதாக எடு. எதுவானாலும் அடிக் கம்பி தவழும் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும்.

வேலையை நீங்கள் இரண்டு பேரும் செய்ய வேண்டாம், பிளம்பரைப் பிடி. அவர் விலை சொல்வதற்கு முன் நீ அறிந்திருக்க வேண்டியவை சில. 50 சென்ரிமீற்றர் அகலக் கம்பியின் இரண்டு வாய்களுக்கும் இடையில் 45 சென்ரிமீற்றர் அளவுதான் இருக்கும். உன் பழைய குழாய்கள் ஏறக்குறைய 90 இடைவெளியில் எழுகின்றன. அப்படியானால் குழாயை நகர்த்தவேண்டும், தரைப் பலகையையோ டைல்ஸையோ கிளப்பவேண்டும். செலவு கம்பியில் இல்லை, அதில்தான் இருக்கிறது. பழையதைக் கழற்றினால் பின்னால் வர்ணம் பூசாத சுவரும் கொளுக்கித் துளைகளும் வெளியே வரும். ரேடியேற்றர் மறைத்ததை ஏணி மறைக்காது. எங்கள் வீட்டில் பின்னால் இருந்தது முந்தைய வீட்டுக்காரரின் ஒரேஞ்சு நிறப் பூக் கடதாசி. அம்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

குளியலறை ரேடியேற்றருக்கு மட்டும், அறை சூடானதும் தானே மூடிக்கொள்ளும் இலக்கத் தலை வால்வு இல்லையே என்று கேட்டிருந்தாய். அது குறையல்ல. மற்ற அறைகளின் வால்வுகள் எல்லாம் மூடிக்கொண்டாலும் பம்பு தள்ளும் தண்ணீர் சுற்றி வர ஒரு வழி திறந்திருக்கவேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் குளியலறையைத்தான் அதற்கு விட்டிருப்பார்கள். புதுக் கம்பிக்கு இலக்கத் தலை பூட்ட முன் பிளம்பரிடம் இதைக் கேள். தண்ணீரை இறக்கி மீண்டும் நிரப்பும்போது துருத்தடுப்பு மருந்து ஊற்றினாரா என்றும் பார். துவாய்க் கம்பியின் இரும்பு மெல்லியது, மருந்தில்லாத தண்ணீரில் உள்ளிருந்து அரித்து ஊசித் துளை விழும். முடிவில் பொயிலரின் அழுத்தம் ஆறிய நிலையில் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கவேண்டும்.

கோடையில் பொயிலர் ஓடாதபோதும் துவாய் காயவேண்டும் என்று கம்பிக்குள்ளே தண்ணீரைச் சூடாக்கும் மின் கோல் போட நினைத்தால், வயர் வேலையில் மருமகன் கை வைக்கக்கூடாது. அவர் கெட்டிக்காரர்தான், நானும் 2003இல் கெட்டிக்காரன். தொட்டியிலிருந்து 60 சென்ரிமீற்றருக்குள் எதைப் பூட்டலாம், எதைப் பூட்டக்கூடாது என்று விதி இருக்கிறது, பதிவு பெற்ற மின்வேலைக்காரர் வரட்டும். மின்சாரத்தில் சூடாக்கும்போது கம்பியின் இரண்டு வால்வுகளையும் மூடிவிடாதே. ஒன்று திறந்திருக்கவேண்டும், சூடாகிப் பெருகும் தண்ணீருக்குப் போக இடம் வேண்டும்.

குளியலறையின் ஈரக் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பார். ஒட்டிக்கொள்ளாவிட்டால் முதலில் அதைத் திருத்து.

எதையும் வாங்க முன் ஒரு குழாயின் நடுவிலிருந்து மற்றக் குழாயின் நடுவரைக்கும் அளந்து எனக்கு அனுப்பு. படம் வேண்டாம், மில்லிமீற்றரில் எண் வேண்டும். அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நானும் காலை ரயிலில் வருகிறோம். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேனே தவிர ஸ்பனரைத் தொடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பேத்திக்கு அந்தச் சிவப்பு வாளியைத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். அடியில் கறுப்பு வளையம் இன்னும் இருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அன்புடன்,
அப்பா