வியாஸ்மாவில் வளையத்தை மூடப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மாற்று வரலாறு எழுதுகிறவர்களுக்கும், அதை வெளியிடும் இதழாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

1942 ஜனவரியில் சோவியத் செம்படை, மாஸ்கோவுக்கு மேற்கேயுள்ள வியாஸ்மா நகரில் வளையத்தை மூடி, மாஸ்கோவுக்கு எதிரே அகலக்கால் வைத்து நின்ற ஜெர்மனியின் மையப் படைத்தொகுதியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால்? கேள்வி நல்ல கேள்வி. ஸ்டாலின் போட்ட உத்தரவே அதுதான். ஆனால் இதைக் கதையாக்க உட்காருகிறவர்களின் கை முதலில் வெப்பமானி மேல் போகிறது: இன்னும் பத்து டிகிரி குளிர், இன்னும் நான்கு அடி பனி, வளையம் தயார். அப்படி மூடாது. எதை மாற்றினால் மூடும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

குளிரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிசம்பரில் அது ஜெர்மானியரை வாட்டியது உண்மை. அவர்களுடைய ரயில் எஞ்சின்களில் தண்ணீர்க் குழாய்கள் கொதிகலனுக்கு வெளியே ஓடியதால் உறைந்து வெடித்தன. 1524 மி.மீ. ரஷ்யப் பாதையை 1435-க்கு மாற்றிக்கொண்டே வந்ததால் சரக்கு பின்னால் தேங்கியது. துப்பாக்கி எண்ணெய் இறுகியது. டிசம்பர் 5, 6 தேதிகளில் சோவியத் தளபதிகள் கோனேவின் கலினின் முன்னணியும் ஷூக்கோவின் மேற்கு முன்னணியும் (முன்னணி என்றால் பல படைகள் சேர்ந்த தொகுதி) தாக்கியபோது இதெல்லாம் கைகொடுத்தது. கிளின் 15-ஆம் தேதியும், கலினின் 16-ஆம் தேதியும், கலூகா 30-ஆம் தேதியும் என்று ஊர்கள் மீண்டன. ஜனவரியில் கதை திரும்பியது. காப்பவன் அடுப்பெரியும் கிராமத்து வீட்டுக்குள் இருந்தான், தாக்குகிறவன் வெட்டவெளிப் பனியில் கிடந்தான். ஊரைச் சுற்றிக்கொண்டு போங்கள், நேருக்கு நேர் மோதாதீர்கள் என்று ஷூக்கோவ் டிசம்பர் 9-ஆம் தேதியே உத்தரவிட்டிருந்தார். சுற்றிப் போனால் அன்றிரவு எங்கே படுப்பது? அதனால்தான் படைகள் மறுபடி மறுபடி கிராமங்களின் மேலேயே மோதின. கிராமத்தை உடைக்கப் பீரங்கிக் குண்டு வேண்டும்.

சிக்கல் அங்கேதான். 76 மி.மீ. டிவிஷன் பீரங்கிக்கு ஒரு முழுத் தொகுதி என்பது 140 குண்டுகள். வெடிமருந்துக் குப்பியோடு சேர்த்து ஒன்று சுமார் 9 கிலோ. பெட்டியைச் சேர்க்காமலே ஒரு பீரங்கிக்கு ஒன்றேகால் டன். தொழிற்சாலைகளை ரயிலேற்றி யூரல் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. உற்பத்தி அடிமட்டத்தில் கிடந்தது. குளிர்காலத்தின் பிற்பகுதியில் மேற்கு முன்னணிப் பீரங்கிகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு குண்டுகள்தான் கிடைத்ததாக ஷூக்கோவ் எழுதுகிறார். நாளுக்கு 2 என்றால் ஒரு முழுத் தொகுதி சேர 70 நாள். அதைச் சுடாமல் வைத்திருந்தால்தான்! இந்த நிலையில்தான், காலாட்படைக்கு முன்னால் பீரங்கிகளைக் குவித்து விடாமல் அடித்துக்கொண்டே போகவேண்டும் என்று சோவியத் தலைமையகத்தின் ஜனவரி 10-ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது. தத்துவம் சரி, 1943-இல் அதுதான் ஜெயித்தது. கிடங்கு காலி.

ஆகவே கதை பிரிய வேண்டிய இடம் ஜனவரி 5, கிரெம்ளின் கூட்டம். ஸ்டாலின் லெனின்கிராடிலிருந்து கிரிமியா வரை எல்லா முன்னணிகளும் சேர்ந்து தாக்கவேண்டும் என்றார். ஷூக்கோவ் மறுத்தார்: பலத்தை மேற்குத் திசையில் குவிக்கலாம், மற்ற இடங்களுக்கு ஆளும் குண்டும் இல்லை. திட்டக்குழுத் தலைவர் வோஸ்னெசென்ஸ்கியும் அதையே சொன்னார். கேட்கப்படவில்லை. வடக்கே வோல்ஹோவ், தெம்யான்ஸ்க், தெற்கே பார்வென்கோவோ, கெர்ச் என்று கையிருப்பு சிதறியது. உங்கள் கதையில் ஸ்டாலின் இந்த ஒரு கூட்டத்தில் தலையசைத்தால் போதும். ஹிட்லரைக் கூடுதல் முட்டாளாக்க வேண்டியதே இல்லை.

அப்படித் தலையசைத்த பிறகும் வியாஸ்மா எளிதல்ல என்பதற்கு, நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். வியாஸ்மா ஒரு ரயில் சந்திப்பு. ஸ்மோலென்ஸ்க், ர்ஷேவ், பிரியான்ஸ்க், கலூகா, மாஸ்கோ எல்லாத் திசைக்கும் பாதை பிரிகிறது. மின்ஸ்க் நெடுஞ்சாலையும் பக்கத்தில். வடக்கிலிருந்து சோவியத் 39-வது படை ர்ஷேவுக்கு மேற்கே துளைத்துக்கொண்டு சிச்சோவ்கா வரை வந்தது. ஊரைப் பிடிக்க முடியவில்லை. 11-வது குதிரைப்படைக் கோர் (கோர் என்றால் பல டிவிஷன்கள் சேர்ந்த பிரிவு) மாதக் கடைசியில் நெடுஞ்சாலையை எட்டியது. தெற்கிலிருந்து பெலோவின் 1-வது காவலர் குதிரைப்படைக் கோர் ஜனவரி 27 வாக்கில் யூஹ்னோவுக்குத் தென்மேற்கே வார்சா நெடுஞ்சாலையைத் தாண்டியது. குதிரைகள் தாண்டின, கனப் பீரங்கிகள் தாண்டவில்லை. ஜெர்மானியர் சாலையைப் பின்னாலேயே அடைத்துவிட்டார்கள். யெஃப்ரெமோவின் 33-வது படை நடுவிலிருந்த இடைவெளி வழியாக வியாஸ்மாவை நெருங்கியது. பிப்ரவரி தொடக்கத்தில் அந்த இடைவெளியும் மூடியது. வளைக்கப் போனவர்கள் வளையத்துக்குள் இருந்தார்கள். யெஃப்ரெமோவ் ஏப்ரலில் வெளியேற முயன்று, காயத்தோடு பிடிபடாமலிருக்கத் தன்னையே சுட்டுக்கொண்டார்.

குதிரைப்படையைக் கதையில் வைப்பவர்கள் தீவனக் கணக்கையும் வையுங்கள். ஒரு குதிரைக்கு நாளுக்கு வைக்கோலும் ஓட்ஸுமாக 10 கிலோ என்று கொண்டால் 5,000 குதிரைக்கு 50 டன். ஒற்றைக் குதிரைச் சறுக்குவண்டிக்கு 300 கிலோ என்றால் தினமும் 160-க்கு மேற்பட்ட வண்டிகள். அந்த வண்டிக் குதிரைகளும் தின்னும். பாதை அறுந்ததும் வீட்டுக்கூரைகளின் வைக்கோலைப் பிடுங்கிப் போடுவதுதான் மிச்சம். வானிலிருந்து உதவி என்பதும் அப்படித்தான்: 8-வது பாராசூட் பிரிகேடு ஜனவரி 27 முதல் வியாஸ்மாவுக்குத் தென்மேற்கே குதித்தபோது, இறங்கிய ஏறத்தாழ 2,100 பேரில் 1,300 சொச்சம் பேர்தான் ஒன்றுசேர முடிந்தது. புறப்பட்ட கலூகா விமானத்தளங்கள் ஒரு மாதம் முன்பு ஜெர்மானியர் கையிலிருந்தவை. எங்கே குண்டு போடுவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே எங்கள் யோசனை: வளையத்தைச் சிறிதாக்குங்கள். மையப் படைத்தொகுதி முழுவதையும் விட்டுவிட்டு ர்ஷேவ், ஒலெனினோ பகுதியிலுள்ள ஜெர்மன் 9-வது படையை மட்டும் பிடியுங்கள். நிஜத்திலேயே ஒலெனினோவில் அதன் 23-வது கோர் துண்டாகிக் கிடந்தது. அதைக் காப்பாற்றியது ஜெர்மன் தளபதி மோடல். 9-வது படையின் தலைமையை ஏற்ற சில நாட்களுக்குள், ஜனவரி 21, 22-இல் ர்ஷேவிலிருந்து மேற்காகவும் ஒலெனினோவிலிருந்து கிழக்காகவும் அடித்து, 39-வது படை வந்த வாசலை மூடி, 29-வது படையையும் சிக்கவைத்தார். சரியாக அதே நாட்களில்தான் ஸ்டாவ்கா எனும் சோவியத் தலைமையகம் வொலொகொலாம்ஸ்க் பக்கமிருந்த 1-வது அதிர்ச்சிப் படையை ஷூக்கோவின் கையிலிருந்து பிடுங்கித் தெம்யான்ஸ்க் பக்கம் அனுப்பியது. மிச்சமிருந்த படைகள் முனையை நீட்டிப் பரப்ப வேண்டியதாயிற்று. அந்தப் படை அங்கேயே நின்று க்ஷாட்ஸ்க் நோக்கி இடித்துக்கொண்டிருந்தால் மோடலுக்கு ஆள் திரட்டுவது கடினமாகியிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. வோல்ஹோவுக்குப் போன குண்டு ரயில்களைச் சிச்சோவ்காவுக்குத் திருப்புங்கள். வாசலின் இரு தோள்களையும் காலாட்படையால் அகலப்படுத்திய பிறகே குதிரைப்படையை உள்ளே விடுங்கள்.

மூடியாயிற்று என்று முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். அதே பிப்ரவரியில் தெம்யான்ஸ்கில் சுமார் 1 லட்சம் ஜெர்மானியர் நிஜமாகவே வளைக்கப்பட்டார்கள். நாளுக்கு ஏறத்தாழ 300 டன் விமானத்தில் இறங்கியது, ஏப்ரலில் மீட்டுவிட்டார்கள். ஒரு ஜூ-52 விமானம் 2 டன் சுமக்கும், ஆக தினம் 150 பறப்பு. உங்கள் வளையத்துக்குள் 2 லட்சம் பேர் என்றால் 300 பறப்பு. தெம்யான்ஸ்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்து 450. ஜனவரியில் மாஸ்கோ அட்சரேகையில் பகல் எட்டு மணி நேரம் போல. ஒரே நேரத்தில் இரண்டு வளையங்களுக்கு ஊட்ட முடியாது என்ற இடத்தில்தான் உங்கள் கதைக்கு உண்மையான நெருக்கடி பிறக்கும். உள்வளையம் ஒன்று, மீட்க வருகிறவர்களைத் தடுக்க வெளிவளையம் ஒன்று, இரண்டுக்கும் ஆள் ஒதுக்குங்கள். மார்ச் கடைசியில் பனி உருகிச் சேறானால் சறுக்குவண்டி நின்றுவிடும். கணக்கை அதற்குள் தீர்க்க வேண்டும்.

சில்லறைத் திருத்தங்கள். ஜனவரியில் ஜெர்மன் டேங்க் தளபதி குடேரியனை வளையத்துக்குள் போடாதீர்கள், டிசம்பர் கடைசியிலேயே பதவி போயிற்று. மையப் படைத்தொகுதியின் தலைமையில் ஃபான் போக்கும் இல்லை, குளூகெதான் தலைவர். செம்படையிடம் அப்போது டேங்க் கோர் கிடையாது. 1942 வசந்தத்தில்தான் உருவாயின. இருந்தவை சில டஜன் டேங்குகள் கொண்ட பிரிகேடுகள்.

விளாசோவையும் மறக்காதீர்கள். வொலொகொலாம்ஸ்க் முனையில் 20-வது படையின் தலைவர் அவர்தான். நிஜத்தில் மார்ச்சில் வோல்ஹோவுக்கு அனுப்பப்பட்டு, ஜூலையில் பிடிபட்டு, ஜெர்மானியர் பக்கம் போனவர். வோல்ஹோவ் தாக்குதலே நடக்காத உங்கள் உலகத்தில் அவர் க்ஷாட்ஸ்கைப் பிடித்த வீரராக மாஸ்கோ திரும்புவார். அந்தப் பாத்திரத்தை யாராவது எழுதினால் முதலில் வாங்கிப் படிப்பவர்கள் நாங்களாக இருப்போம்.

இப்படிக்கு,
கிழக்குப் போர்முனை வரலாற்றைத் தொடர்ந்து வாசிக்கும் சிலர்