ரைபிள் சங்க ஆண்டறிக்கை: வெடிச் சத்தம் குறைந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான வேலைகள் இந்த ஆண்டும் நடந்தன. மழை நாட்களைத் தவிர வார இறுதிப் பயிற்சி நிற்கவில்லை. ரேஞ்சின் பின்பக்க மண்மேடு மழையில் சரிந்தது, திரும்பக் கட்டிவிட்டோம். பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நான் ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்: இந்த ஆண்டு நம் கைக்கு வந்த பழுதான தோட்டாக்கள்.

ஐப்பசி மழை சற்று விட்ட ஒரு சனிக்கிழமை, 25 மீட்டர் பிஸ்டல் பயிற்சி. பாயிண்ட் 22 காலிபர் (குழல் விட்டம் 0.22 அங்குலம்) தோட்டா, அப்போதுதான் பிரித்த புதுப் பெட்டி. கல்லூரியில் படிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வெடி மட்டும் ‘பொத்’ என்று கேட்டது. கையில் உதைப்பு இல்லை, தாளில் துளையும் இல்லை. பக்கத்து லேனில் நின்றவர், “காத்துல விலகிப் போயிருக்கும், அடுத்ததைப் போடும்மா” என்றார். அந்தப் பெண் போடவில்லை. பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்தபடி இடது கையைத் தூக்கினார். ரேஞ்ச் ஆபீசர் எல்லா லேனையும் நிறுத்தினார். மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் காலி செய்து, குழலுக்குள் கிளீனிங் ராடை விட்டார். ராடு பாதியில் முட்டி நின்றது. ஈயக் குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருந்தது.

இன்னொரு தோட்டா அதன் பின்னால் வெடித்திருந்தால் குழல் வீங்கியிருக்கும். பெரிய காலிபராக இருந்தால் குழலே பிளந்து, பிடித்திருந்த கையையும் முகத்தையும் பதம் பார்த்திருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் வேகம் நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் காற்றுகூட 25 மீட்டருக்குள் குண்டைத் தாளுக்கு வெளியே தள்ளிவிடாது. சத்தம் குறைந்து, துளையும் இல்லை என்றால் காற்றைக் காரணம் சொல்ல வேண்டாம். குழலைப் பார்க்க வேண்டும். கையைத் தூக்கிய அந்தப் பெண்ணுக்கு இந்தப் பொதுக்குழுவின் பாராட்டைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே லாட்டில், அதாவது தொழிற்சாலையில் ஒரே தொகுதியாகச் செய்ததில், வேறொரு பெட்டி. மூத்த உறுப்பினர் ஒருவரின் ரைபிளில் ‘கிளிக்’ என்றது, வெடிக்கவில்லை. அவர் துப்பாக்கியை அசைக்காமல் வைத்திருந்தார். ஒரு கணம் கழித்துத்தான் வெடித்தது. ஹேங்ஃபயர் என்பது இதுதான். அந்தக் கணத்தில் அவர் சேம்பரைப் பின்னால் அடைத்திருக்கும் போல்ட்டைத் திறந்திருந்தால் தோட்டா சேம்பருக்கு வெளியே வெடித்து, பித்தளைச் சில்லுகள் முகத்தில் தெறித்திருக்கும். அதனால் வெடிக்காத தோட்டாவுக்கு நம் ரேஞ்சில் இனி 30 விநாடி. குழல் இலக்கைப் பார்த்தபடி, விரல் டிரிகருக்கு வெளியே, கண்ணாடி கண்ணில். அப்புறம்தான் போல்ட். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டியிலும் துப்பாக்கி பழுதானால் குழலை மைதானப் பக்கம் பிடித்து, நடுவர் பார்க்கும் வரை திறக்காமல் நிற்க வேண்டும் என்பதே விதி.

நம்மில் பலர் முன்னாள் ராணுவத்தினர். வெடிக்கவில்லை என்றால் உடனே இழுத்து அடுத்ததை ஏற்றிச் சுடுவது அவர்கள் கைக்குப் பழகியது. எதிரி முன்னால் நிற்கும்போது அது உயிரைக் காக்கும் பழக்கம். ரேஞ்சில் எதிரி இல்லை, அவசரமும் இல்லை. குண்டு குழலில் சிக்கும்போது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு பல சமயம் முழுதாகப் பின்னால் வராது. அப்போது தானாக ஸ்லைடை இழுக்கப் போகிற கையைத்தான் அடக்க வேண்டும். அண்ணாச்சிமார் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தொழிற்சாலையில் செய்த தோட்டா எப்படிப் பழுதாகும் என்று பலர் கேட்டார்கள். கேப் என்பது பின் அடித்ததும் தீப்பொறி தந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி. பாயிண்ட் 22-இல் அது தனியாகக் கிடையாது. ஈரப்பதமான கேப் மருந்தைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் வைத்துச் சுழற்றி, விளிம்புக்குள் பரவச் செய்கிறார்கள். விளிம்பில் ஓரிடத்தில் மருந்து போய்ச் சேராமல் விட்டு, துப்பாக்கியின் ஃபயரிங் பின் அந்த இடத்தில் அடித்தால் வெடிக்காது. வெடிமருந்து விழாமலே ஒரு கூடு வரிசையில் நகர்ந்துவிட்டால், கேப்பின் வேகம் மட்டும் குண்டைக் குழல் வரை தள்ளி அங்கேயே விட்டுவிடும். வெடிமருந்து இரட்டிப்பாக விழுந்தால் நேர் எதிரான ஆபத்து, கூடே கிழியும். பெயர் பெற்ற கம்பெனிகளே இரட்டை மருந்து விழுந்த லாட்டுகளைத் திரும்பப் பெற்றதுண்டு.

திரும்பக் கொடுப்பதற்கு லாட் எண் வேண்டும். இங்கேதான் நாம் திணறினோம். பலர் தோட்டாக்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டு அட்டைப் பெட்டியை எறிந்திருந்தார்கள். எந்தத் தோட்டா எந்த லாட் என்று சொல்ல முடியவில்லை. விற்பனையாளர் முதலில், “ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்” என்றார். ஒன்றிரண்டு என்பது ஒருவருடைய கண்ணாக இருக்கலாம் என்று பதில் எழுதினோம். மீதிப் பெட்டிகளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. விடாமல் கேட்போம்.

எல்லாப் பழியும் தொழிற்சாலை மேல் இல்லை. இரண்டு பருவமழையும் கடல் உப்புக் காற்றும் உள்ள மாவட்டம் இது. வெள்ளைக்காரர் காலத்தில் மழைக்காலம் முழுதும் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் விளக்கினார்கள். நம் மேற்குப் பக்கத்தில் ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் பால் கொட்டகையிலோ மாட்டுத் தொழுவத்தை ஒட்டியோ தோட்டாவை வைக்கவே கூடாது. கழுத்தில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அந்தத் தோட்டா ஒதுங்க வேண்டும். துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. எந்த எண்ணெயானாலும் கேப்புக்குள் இறங்கினால் தோட்டா செத்துவிடும்.

வங்கிக் காவலில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் பெல்ட்டில் ஆண்டுக்கணக்காக இருக்கும் 12 போர் தோட்டாக்களின் பித்தளையில் பச்சை படிந்திருப்பதை நானே பார்த்தேன். தோலில் உள்ள அமிலம் பித்தளையை அரிக்கும். பணி முடிந்ததும் தோட்டாவைப் பெல்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய அட்டைத் தோட்டா ஈரத்தில் ஊதியிருந்தால் திணித்து ஏற்றாதீர்கள். 12 போரில் சத்தம் குறைந்தால், வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பான வாடு குழலில் தங்கியிருக்கலாம். காலி செய்து, பின்பக்கம் திறந்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வரும் ஆண்டில் டம்மி தோட்டாப் பயிற்சி தொடங்குகிறோம். டம்மி என்பது மருந்தில்லாத, வெடிக்காத போலித் தோட்டா. மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே டம்மியை வேறொருவர் கலந்து ஏற்றுவார். எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. ‘கிளிக்’ கேட்டதும் கை என்ன செய்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதில் நிற்க வேண்டும்.

வெடிக்காத தோட்டாவைக் குறடு வைத்துப் பிரிப்பது, தீயில் போடுவது, குப்பையில் எறிவது எதுவும் வேண்டாம். லைசென்ஸோடு, அட்டைப் பெட்டியோடு ரேஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். லாட் எண், நடந்தது என்ன என்பதைப் பதிவேட்டில் எழுதி, முறைப்படி ஒப்படைத்து, ஒப்புச்சீட்டை உங்களிடம் தருவோம். பதிவேடு ரேஞ்ச் ஆபீசர் மேசையில் இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்